கொழும்பில் தனியாக ஒரு நாள்: புறக்கோட்டையா, கறுவாத்தோட்டமா, கடற்கரையா?

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து என் பெறாமகள் போன் எடுத்தாள். மாணவர் விசாவுக்கான நேர்முகம் புதன்கிழமை காலை. திங்கள் இரவு பஸ் எடுத்தால் செவ்வாய் விடியவே கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கிவிடுவாள். நான் அந்த வாரம் முழுக்க மட்டக்களப்பில் வேலையாக நின்றேன். "சித்தி, செவ்வாய்க்கிழமை முழுநாளும் சும்மா கிடக்கு. லொட்ஜுக்குள்ள இருந்து போனைப் பாத்துக்கொண்டிருந்தா பயந்தான் கூடும். தனியா எங்க போகலாம், சொல்லுங்கோ" என்றாள்.

இது அவளுடைய கேள்வி மட்டுமல்ல. வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து கொழும்புக்கு வருகிற எங்கள் சனம் ஊர் பார்க்க வருவது குறைவு. கடவுச்சீட்டு என்றால் பத்தரமுல்லை, விசா என்றால் தூதரக வரிசை, வெளிநாட்டுச் சொந்தம் வந்தால் கட்டுநாயக்க விமான நிலையம். இரண்டு அலுவல்களுக்கு நடுவில் ஒரு நாள் மிஞ்சும். அதை வெள்ளவத்தை அறையொன்றில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கழித்துவிட்டு இரவு பஸ் ஏறிவிடுவார்கள். ஊருக்குப் போய் "கொழும்பு எப்பிடி?" என்று கேட்டால், "சனமும் புகையும்" என்பார்கள். இருபது வருடமாக இந்த நகரில் வாழ்கிறவள் நான். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் மனம் பொறுக்காது.

நான் முதன்முதலாகத் தனியாகக் கொழும்பு பார்த்தது 2003இல். யுத்தத்தில் பூட்டிக்கிடந்த யாழ்ப்பாணத்து ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாமா ஒரு தாளில் எட்டு இடங்களை எழுதித் தந்திருந்தார்: தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் தொடங்கிக் காலிமுகத்திடலில் முடியும் பட்டியல். ஒன்றையும் விடக்கூடாது என்று ஓட்டோவில் ஏறி ஏறி இறங்கினேன். பின்னேரம் கணக்குப் பார்த்தால் கையிலிருந்த காசில் பாதிக்கு மேல் ஓட்டோவுக்கே போயிருந்தது. நூதனசாலையில் என்ன பார்த்தாய் என்று மாமா கேட்டபோது வாசல் ஆலமரத்தைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே என் முதல் சொல் இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு திசை. இரண்டைச் சேர்க்க நினைத்தால் இரண்டும் கெடும்.

என் கணக்கில் தனியாள் ஒருவருக்கு மூன்று திசைகள் உண்டு. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை என்று வடக்கே போவது ஒன்று. நூதனசாலை, விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம், கங்காராமய விகாரை என்று கறுவாத்தோட்டத்தையும் அதன் ஓரத்தையும் சுற்றுவது இன்னொன்று. ரயிலும் கடலும் காலிமுகத்திடலுமாக மேற்குக் கரையோரம் மூன்றாவது. ஶ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேயையும் சிலர் கேட்பார்கள். சட்டப்படி தலைநகரம் அதுதான். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் 1982 முதல் தியவன்னா ஓயாவின் நடுவே அங்கே நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டே அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள் புறப்பட்டதும் அந்த மண்ணிலிருந்துதான். ஆனால் பழைய கோட்டேயில் மிச்சமிருப்பவை ஊருக்குள் சிதறிக் கிடக்கின்றன, நாடாளுமன்றத்தையோ தெருவிலிருந்துதான் பார்க்கலாம். கையில் ஒரே ஒரு நாள் இருக்கிறவரை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

திசைகளுக்குள் போகுமுன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "தனியாக நடப்பது" என்ற சொல்லுக்கு எங்களுக்குள் ஒரு பாரம் இருக்கிறது. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் இல்லாமல் ஒரு தமிழ் இளைஞர் வெள்ளவத்தைச் சந்தைவரை போக அஞ்சிய யுத்தகாலம் அவ்வளவு தூரத்தில் இல்லை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோரை ஒரே நாளில் பஸ்களில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த லொட்ஜுகள் இருந்த அதே ஒழுங்கைகளில்தான் இன்று என் பெறாமகள் அறை எடுக்கிறாள். அவள் வயதுக்காரருக்கு அந்த நாட்கள் தெரியாது. அவள் தண்ணீர்ப் போத்தலும் குடையுமாகத் தன் பாட்டில் இந்த நகரின் தெருக்களில் நடக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புறக்கோட்டை வழி

வெள்ளவத்தையிலிருந்து 100, 101 இலக்க பஸ்கள் காலி வீதி வழியே நேராகப் புறக்கோட்டைக்குப் போகும். ரயிலென்றால் கோட்டை நிலையம். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை இரண்டிலும் அலுவலகச் சனம் பிதுங்கும். அந்த நெரிசலில் பெண்களிடம் கை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவசரமில்லாத நாளில் ஒன்பது மணிக்குப் பிறகு ஏறினால் போதும்.

நிலையத்தின் எதிரே தெருவைக் கடந்ததும் புறக்கோட்டை தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் 'பெட்டா' என்பது நம் 'பேட்டை'தான். குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாமான், அடுத்தவற்றில் துணியும் அலங்காரப் பொருளும், நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் மூட்டைகள். கபோஸ் லேனுக்குள் நுழைந்தால் மூக்கு முந்திக்கொள்ளும்: வசம்பு, அதிமதுரம், கடுக்காய், பெயர் தெரியாத வேர்கள் என்று நாட்டு மருந்துச் சரக்குகள் சாக்குச் சாக்காக இருக்கும். நடுத்தெருவில் நின்று படம் எடுக்காதீர்கள். தள்ளுவண்டியில் மலையளவு பாரம் ஏற்றிக்கொண்டு நாட்டாமிகள் வருவார்கள். அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. அவர்கள் போடுகிற சத்தத்துக்கு ஒதுங்கி வழிவிடுவதுதான் அந்தத் தெருவின் மரியாதை.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை ஊரெல்லாம் 'சிவப்புப் பள்ளி' என்றே சொல்லும். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து இங்கே வணிகம் செய்த முஸ்லிம்களின் முயற்சியில் எழுந்தது. மாதுளை முத்துப்போன்ற அந்தக் கும்பங்களை எதிர்க் கடையின் படியில் நின்று அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, தலையையும் கையையும் மூடி, வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போகலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் வேண்டாம். அந்நேரம் சுற்றியுள்ள கடைகளிலும் பாதி பூட்டியிருக்கும்.

பிரதான வீதியின் முடிவில் கய்மன் வாசல் மணிக்கோபுரம். கய்மன் என்றால் ஒல்லாந்து மொழியில் முதலை. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை நகரத்தின் வாசல் அங்கே இருந்தது. கால் ஓயாதவர்கள் அங்கிருந்து மேட்டில் ஏறி வுல்வென்டால் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வரலாம். 1749இல் தொடங்கி 1757இல் முடித்த கட்டடம். நிலமெல்லாம் ஒல்லாந்துக் கல்லறைக் கற்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் உள்ளே என்னைத் தவிர ஆளில்லை.

மேட்டிலிருந்து இறங்கி வடக்கே திரும்பினால் செட்டியார் தெரு. நகைக் கடைகள் இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசும். நடுவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்று இரண்டு முருகன் கோயில்கள். ஆடிவேல் விழாவுக்கு வேல் தேரேறிப் பம்பலப்பிட்டிப் பக்கம் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். தங்கம் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒரு கடை வாசலில் நில்லுங்கள். கலியாணத்துக்குத் தாலிக்கொடி எடுக்க வந்த குடும்பம் ஒன்று உள்ளே விவாதித்துக்கொண்டிருக்கும். தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி வரும்.

இன்னும் நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் வியாபாரி வேடத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு குருவானவர், மீனவக் குடியிருப்பை அரித்துவந்த கடலைச் செபித்து நிறுத்தினார் என்பது இந்தத் தலத்தின் கதை. செவ்வாய்க்கிழமை இங்கே விசேடம். சிலுவை அடையாளம் போடுகிறவர்களும் திருநீறு பூசியவர்களும் வெள்ளைச் சேலை உடுத்த சிங்களத் தாய்மாரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசையின்போது இங்கேதான் குண்டு வெடித்தது. இரண்டு மாதம் ஆகுமுன், ஜூன் 12ஆம் திகதி, திருத்தி மீண்டும் திறந்தார்கள். உள்ளே போகிறவர்கள் அன்று இறந்தவர்களுக்காகவும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அங்கிருந்து கிட்டடியில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912வரை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே லொறிச் சத்தம். உள்ளே கால் வைத்தால் கல் குளிரும், எண்ணெய் மணக்கும், தூண்களுக்கு நடுவே இருட்டு அடர்ந்து கிடக்கும். மற்றக் கோயில்கள்போல நிறம் பூசிய சுதைப் பொம்மைகள் இல்லை. கொழும்பில் ஒரே ஒரு இடத்தில் சும்மா இருக்கச் சொன்னால் நான் இந்த மண்டபத்தில்தான் இருப்பேன். ஒரே நிபந்தனை: உச்சிப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். பதினொன்றரைக்குள் போய்ச் சேருகிற மாதிரி முன்னதாகவே நடையைக் கணக்கிட வேண்டும். பிந்திவிட்டது என்று கண்டால் வுல்வென்டாலை விட்டுவிடுங்கள், கோயிலை விடாதீர்கள்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நிழல் குறைவு. நடைபாதை பல இடங்களில் கடைச் சாமானுக்கே சொந்தம். முகம் சுளிக்காமல் போகக்கூடிய கழிப்பறை அரிது. பெண்களுக்கு இது சின்ன விடயமில்லை, புறப்படுமுன் அறையிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. தெரு நடைபாதை வியாபாரிகளின் கைக்கு மாறிவிடும், அது வேறு அழகு என்றாலும் முதன்முறை வருகிறவருக்கு உகந்ததல்ல.

கறுவாத்தோட்டம்

ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலம் இன்று கொழும்பு 7. அகல வீதிகள், மரங்கள், மதில்களுக்குப் பின்னால் மறைந்த வீடுகள். புறக்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் 138 ஏறினால் நூதனசாலைப் பக்கம் இறங்கலாம். வெள்ளவத்தையிலிருந்து பிக்மீ செயலியில் ஓட்டோ பிடித்தால் கட்டணம் முன்கூட்டியே தெரியும், பேரம் பேசத் தேவையில்லை. இந்தத் திசையில் என்னை இழுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடம். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால் காலாற நடப்பதற்கு.

தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் விருப்பம், ஜேம்ஸ் ஸ்மித்தரின் வரைபடம், கட்டி எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். வெள்ளைவெளேரென்ற கட்டடம், முன்னால் பெரிய ஆலமரங்கள். உள்ளே நீங்கள் முதலில் தேட வேண்டியது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். ஒரு பகுதி சீனம், புத்தருக்கு. ஒரு பகுதி பாரசீகம், அல்லாஹ்வுக்கு. மூன்றாவது தமிழ், தேவந்துறையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், எண்ணெய் என்று காணிக்கைகளை மூன்று மொழியிலும் நிரையாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துகள் தேய்ந்துவிட்டன. கண்ணை இடுக்கி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் சில எழுத்துகள் பிடிபடும். 600 வருடங்களுக்கு முன்னால் இந்தத் தீவின் தென்கரையில் கப்பலில் வந்த ஒரு சீனன் தமிழில் கல் நாட்டியிருக்கிறான் என்றால், அந்தத் துறைமுகத்தில் யார் பேச்சுக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். கூட்டத்தோடு போனால் இந்தக் கல்லுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். தனியாகப் போனால் அரை மணித்தியாலம் நிற்கலாம்.

பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலச் சிலைகளையும் தவறவிடாதீர்கள். எலும்பும் தோலுமாகத் தாளம் போடும் காரைக்கால் அம்மையாரைப் பார்த்த பிறகு சோழர் காலத்துப் பொலன்னறுவை வெறும் பாடப்புத்தக வரியாக இருக்காது. கண்டி அரசர்களின் சிம்மாசனமும் இங்கேதான். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு அது. 1815இல் கண்டி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தார்கள். அதில் கடைசியாக இருந்து ஆண்ட ஶ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இளமைப் பெயர் கண்ணுசாமி. வேலூர்க் கோட்டைச் சிறையில் 1832இல் இறந்தான்.

இரண்டு மணித்தியாலம் இதற்குக் கொடுத்துவிட்டால் மீதி இலகு. விகாரமகாதேவி பூங்காவுக்குள் மர நிழலில் ஒரு வாங்கு, எதிரே 1928இல் முடித்த நகர மண்டபத்தின் வெள்ளைக் குவிமாடம். ஓவியத்தில் நாட்டமுள்ளவர்கள் பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போகலாம். அவரும் சேர்ந்திருந்த '43 குழு' என்ற நவீன ஓவியர்களின் படங்கள் அங்கே சபுமல் மன்றத்தில் சுவரெல்லாம் இருக்கின்றன. சுதந்திர மண்டபம் கண்டி அரசர்களின் கொலுமண்டபமான மகுல் மடுவையைப் பார்த்துக் கட்டியது, பின்னேரக் காற்றுக்கு நல்லது. கங்காராமயவைவிட அதன் எதிரே பேர வாவியில் மிதப்பதுபோல நிற்கும் சீமாமாலகயவே எனக்குப் பிடிக்கும். அதுவும் பாவாவின் கை. ஒரு முஸ்லிம் குடும்பம் இறந்துபோன மகனின் நினைவாகக் கொடுத்த காசில் எழுந்த பௌத்த மண்டபம்.

ஒரு எச்சரிக்கை. காலிமுகம், கங்காராமய பக்கத்தில் யாராவது வலிய வந்து, "இன்றைக்கு மட்டும் யானை ஊர்வலம் இருக்கிறது, நான் கூட்டிப்போகிறேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தச் சவாரி இரத்தினக்கல் கடை ஒன்றில்தான் முடியும். வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளையும் உச்சரிப்பை வைத்துக் கண்டுபிடித்து அணுகுகிறார்கள்.

இந்தத் திசையின் வசதிகள் வெளிப்படை: நிழல், சுத்தமான கழிப்பறை, மழை வந்தால் ஒதுங்கக் கூரை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை கொட்டும்போது புறக்கோட்டையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறை என்னவென்றால் சாப்பாடு. மலிவாக ஒரு சோறு கறி தேடி அலைய வேண்டும். கோப்பிக்கடைகளில் ஒரு தேத்தண்ணிக்குக் கொடுக்கிற காசில் செட்டியார் தெருவில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். இன்னொன்று, இங்கே தமிழ் காதில் விழுவது அரிது. ஒருவரோடும் பேசாமலே நாள் போய்விடும். சிலருக்கு அதுவே வேண்டியதாக இருக்கும்.

கடற்கரை

இது முழுநாள் வழி அல்ல, அரைநாள் வழி. வெயில் தாழும்வரை காலிமுகத்திடலில் நிற்க முடியாது, ஒரு மரம் இல்லை. மூன்று மணியளவில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று கோட்டைக்குப் போவது அதன் முதல் பாதி. கொள்ளுப்பிட்டிவரை தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கருங்கல் அணை மட்டும்தான். டிக்கெட் மலிவு. கோட்டையில் இறங்கி, தெரு நடுவில் நிற்கும் வெளிச்சவீட்டு மணிக்கூண்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த வடிவம், 1857இல் கட்டினார்கள். பத்து வருடம் கழித்து அதன்மேல் கப்பல்களுக்கு விளக்கும் ஏற்றினார்கள். இன்று உயர்ந்த கட்டடங்களுக்குள் அகப்பட்டுக் கடல் தெரியாமல் நிற்கிறது.

பிறகு திடல். 1859இல் அதே வார்ட் அமைத்த உலாவுபாதை. பட்டம் விடுகிற பிள்ளைகள், குடைக்குக் கீழே காதலர்கள், இறால் வடை வண்டிகள். ஆனால் வடக்கு முனையில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் 1956 ஜூன் 5ஆம் திகதி ஞாபகம் வரும். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச்சிங்களச் சட்டம் உள்ளே விவாதத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இந்தப் புல்லில் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார்கள். 2022 ஏப்ரல் முதல், ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று அதே கட்டடத்தின் முன்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடாரம் அடித்து இருந்தார்கள். அந்த ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். இரண்டையும் தெரிந்துகொண்டு அந்தப் புல்லில் நடந்தால் வெறும் காற்று வாங்கப் போன இடமாக இருக்காது.

தனியாகப் போகிற பெண்பிள்ளைகளுக்கு: சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டு ஏழு மணிக்குள் காலி வீதிக்கு வந்து பஸ் ஏறிவிடுங்கள். குறுக்குவழி என்று தண்டவாளத்தில் நடக்காதீர்கள், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. கல்கிசைக் கரை மணலும் ஹோட்டல்களுமாக அழகுதான், ஆனால் அது நாலு பேராகப் போய்க் கும்மாளம் போடுகிற இடம். குளிக்க இறங்கினால் பையை யார் பார்ப்பது?

எதை எடுப்பது

பையிலிருந்தே தொடங்கலாம். பெரிய பயணப் பையை வைக்க இடமில்லாமல் பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி வருகிறவர் புறக்கோட்டையை மறந்துவிட வேண்டும். அவருக்கு அறை இல்லாவிட்டால் நூதனசாலைதான் சரி. முழங்கால் நோவுள்ளவர்கள், வெயில் ஆகாதவர்கள், மழைக்கால மாலையில் அகப்பட்டவர்கள், சின்னப் பராயத்திலிருந்து சரித்திரத்தில் ஆசை உள்ளவர்கள் எல்லாருக்கும் கறுவாத்தோட்டம். ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் என்றாலும் அந்தப் பக்கம்தான், புறக்கோட்டை பூட்டியிருக்கும். போயாவில் கங்காராமயவில் சனம் அலைமோதும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். காலையில் அலுவல் முடிந்து மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் நேரம் உள்ளவருக்குக் கடற்கரை.

மற்ற எல்லாருக்கும், சுகதேகியாக, கையில் சின்னப் பையோடு, ஒரு வார நாளில், முதன்முதலாகத் தனியாக வருகிறவருக்கு, நான் புறக்கோட்டையைத்தான் சொல்வேன். நூதனசாலையைவிட அங்கே பார்க்க அதிகம் என்பதால் அல்ல. தனியாக வந்தவரை அங்கே யாரும் தனியாக விடமாட்டார்கள் என்பதால். சிங்களம் தெரியாதவருக்கு வழி கேட்க நாலு வாய் உண்டு. ஒருவர் கடுக்காய் எதற்கு நல்லது என்பார், ஒருவர் ஊர் எது என்பார், ஊர் பெயரைச் சொன்னதும் அங்கே தனக்குத் தெரிந்த ஒருவரை விசாரிப்பார். சாப்பாட்டு மேசையில் எதிரே ஒருவர் கேட்காமலே வந்து இருந்து சாம்பார் வாளியைத் தள்ளி வைப்பார். கறுவாத்தோட்டத்தில் தனியாள் தனியாள்தான்.

பெறாமகளுக்கும் அதையே சொன்னேன். செவ்வாய்க்கிழமை என்பதும் பொருந்தி வந்தது, அந்தோனியாரிடம் விசாவுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள் அன்று நிறையப் பேர். எட்டு மணிவரை நித்திரை கொள், ஒன்பதுக்குப் பிறகு பஸ் எடு, சான்றிதழ்க் கோப்பை அறையில் பூட்டி வை, வுல்வென்டாலை விடு என்று எழுதி அனுப்பினேன். பதினொன்றே கால்போல இராமநாதன் கோயிலிலிருந்து செய்தி வந்தது: "சித்தி, இங்க ஒரு சத்தமும் இல்ல. கொஞ்சம் இருந்திட்டு வாறன்." நடை சாத்தும்வரை இருந்தாளாம். பிறகு செட்டியார் தெருவில் தோசையும் உளுந்து வடையும். அம்மாவுக்கென்று கபோஸ் லேனில் நூறு கிராம் அதிமதுரம் வாங்கியிருக்கிறாள்.

திரும்பும்போது கோட்டையில் ரயில் ஏறினால் வலப்பக்கம் இடம் பிடிக்கச் சொல்லியிருந்தேன், கடல் அந்தப் பக்கம். இரண்டரை மணி வண்டியில் இடம் தாராளமாக இருந்ததாம். வெள்ளவத்தையில் இறங்கி, மேட்டில் ஏறிக் காலி வீதிக்கு வந்து, இரவுக்கு இடியப்பப் பார்சல் கட்டிக்கொண்டு அறைக்குப் போனவள், எட்டு மணிக்கே படுத்துவிட்டாள்.